கடல் இறங்கிய பென்னி

1961 ஜனவரி 7, சனி

இன்று அரை நாள் வேலை. சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் ரங்கன் சார் வந்துவிட்டார். முழுப்பெயர் கஸ்தூரிரங்கன்; கண்டோன்மென்ட் தபாலாபீசில் பதிவுத் தபால் பிரிவு. சனிக்கிழமை ட்யூட்டி முடிந்ததும் மல்லேஸ்வரத்துக்கு பஸ் ஏறாமல் நேரே அல்சூருக்கு, என் வீட்டுக்கு வருவார். இருட்டுவதற்கு முன் கிளம்பிவிடுவார். வருஷக்கணக்காக இதுதான் வழக்கம். எங்கள் இருவருக்கும் நடுவில் இருப்பது வெள்ளைக்காரன் காசு.

சிப்பாய்கள் ஊரைவிட்டுப் போனபோது பையை உதறிவிட்டுப் போன பென்னிகள் இன்னும் கண்டோன்மென்ட் முழுக்கக் கிடக்கின்றன. இங்கே செல்லாது. சிவாஜிநகர் குஜ்ரிக் கடைகளில் பழைய ஆணி, பூட்டு, தாழ்ப்பாளோடு குவித்து வைத்திருப்பான். ஊரே நயா பைசா கணக்குப் புரியாமல் முழிக்கும்போது நான் செல்லாத காசைத் தேடி அலைகிறேன் என்று என் மனைவி சரளாவுக்குக் குறை.

ரங்கன் சாரிடம் சொந்தமாக ஒரு காசுகூடக் கிடையாது. முதலில் தங்கைகள் கல்யாணம், பிறகு பெண்கள் கல்யாணம் என்று அவர் சம்பளம் போயிற்று. ஆகவே என் காசுகளை அரக்கில் அச்சு எடுத்துக்கொள்வார். கடையில் வாங்கிய அரக்குதான். ஆபீஸ் அரக்கைத் தொடமாட்டார். மெழுகுவர்த்தியில் உருக்கி, அட்டையில் சொட்டவிட்டு, கொஞ்சம் ஆறவிட்டு, காசைத் தண்ணீரில் நனைத்து அழுத்துவார். சூடு பட்டால் காசின் நிறம் போய்விடும் என்று எத்தனை முறை சொல்லியாயிற்று. "போகாது ஓய், போஸ்டல் டிபார்ட்மென்ட் கை" என்பார்.

ஜனவரி 12

நான் வேலை பார்க்கும் டிராயிங் ஆபீசில் பல்புகளை மாற்றிவிட்டார்கள் போல. மங்கல். ஸ்டோர்ஸ்காரன் எந்தச் சரக்கை வாங்குகிறானோ.

ஜனவரி 21, சனி

லண்டன் காசு வியாபாரியின் புது விலைப்பட்டியல் வந்திருக்கிறது. எழுத்து வரவர எறும்பு மாதிரி ஆகிறது. காகிதத்தை மிச்சம் பிடிக்கிறான் கஞ்சன்.

ரங்கன் சார் வழக்கம்போல 1902 பக்கத்தை எடுத்தார். எங்கள் இருவருக்கும் அதில் ஒரு பைத்தியம். பென்னியின் பின்புறத்தில் சூலம் பிடித்த பெண் உட்கார்ந்திருப்பாள். அவளுக்குப் பின்னால் கடல், ஒரே ஒரு கோடு. எட்வர்டு ராஜா முடிசூடிய 1902-இல் மட்டும் சில காசுகளில் அந்தக் கோடு ஒரு நூல் கீழே இறங்கி, அவள் கால்கள் ஒன்றையொன்று தாண்டும் இடத்துக்குப் போய்விட்டது. தாழ்ந்த கடல் என்று பெயர். உலகத்தில் கிடைக்காத ஒன்றல்ல. எனக்குக் கிடைக்காத ஒன்று. வருஷத்துக்குப் பக்கத்தில் H என்று ஆலை எழுத்துப் போட்ட 1912 இருக்கிறது, KN போட்ட 1919 இருக்கிறது; இது மட்டும் இல்லை.

"வரும் ஓய். கடல் எங்கே போயிடப் போறது?" என்றார்.

பிப்ரவரி 8

அவென்யூ ரோட்டில் புது லென்ஸ் வாங்கினேன். பழையது தேய்ந்துபோய்விட்டது. சரளா, "லென்ஸ் எங்கயாவது தேயுமா? கண்ணைக் காட்டுங்க" என்றாள். வரைபடம் போட்டு இருபத்தைந்து வருஷம் சோறு சாப்பிட்ட கண் இது. இவள் எனக்குக் கண்ணைப் பற்றிச் சொல்கிறாள்.

பிப்ரவரி 19, ஞாயிறு

ரிச்சர்ட்ஸ் டவுனில் கிளாரன்ஸ் வீட்டுக்குப் போனேன். ரயில்வே கார்டாக இருந்து ஓய்வு பெற்ற ஆங்கிலோ இந்தியர். மகனோடு ஆஸ்திரேலியாவுக்கே போகிறாராம். வீட்டுச் சாமானெல்லாம் வாசலில். கட்டில், கண்ணாடி பீரோ, நாய்ச்சங்கிலி. நான் காசு பொறுக்குகிறவன் என்று அவருக்குத் தெரியும். பென்னிகள் போட்டு வைத்த ஒரு பிஸ்கட் டப்பாவைக் கையில் திணித்தார்.

"எடுத்துக்கோ மேன். அங்கே போயி இந்தக் காசைக் கொடுத்தா என்னை ரொம்பப் பழைய ஆளுன்னு நினைப்பான்."

விலை பேசவே விடவில்லை. டப்பா கனமாக இருந்தது. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வீடு வரைக்கும் திறக்கவில்லை. அந்தச் சந்தோஷம் எனக்குத் தெரியும், அதை அவசரப்படுத்தக்கூடாது.

மார்ச் 11, சனி

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

டப்பாக் காசுகளை வருஷவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தோம். ரங்கன் சார் ஒன்றைக் கையில் எடுத்தவர் அப்படியே இருந்தார். "ஜெயராமன்" என்றார். குரல் இறங்கிவிட்டது. "கடல் எறங்கியிருக்கு."

1902 தான். அவர் அதற்குள் அரக்கை உருக்கி அச்சும் எடுத்துவிட்டார். நான் காசை வாங்கி ஜன்னலருகே போனேன். வெளிச்சம் போதவில்லை, மேகமூட்டம். புது லென்ஸை வைத்துப் பார்த்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கோடு எங்கே இருக்குமோ அங்கேதான் இருந்தது.

"சாதாதான் சார்."

"நன்னாப் பாரும். கால் தாண்டற எடத்துக்கு வந்துடுத்து."

"பார்த்துட்டேன். சாதாதான்."

"இன்னொரு தரம் பாரும். அவசரம் என்ன?"

அவசரமாம். எனக்கு! இந்த வீட்டில் எந்தக் காசையும் முதலில் பார்த்து, இது இன்னது என்று சொல்கிறவன் நான். அவர் கேட்டுக்கொள்வார். இத்தனை வருஷம் அப்படித்தான். இன்று இரண்டு தரம் சாதா என்று சொல்லியும் அவர் தலையை ஆட்டிக்கொண்டே என் பக்கத்தில் வந்து நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். என் முகத்தையே பார்த்தார், பாவம் பார்ப்பதுபோல. அந்தப் பார்வைதான் எனக்கு எரிச்சலைக் கிளப்பியது.

"அரக்குலயே பார்த்துப் பார்த்து உங்களுக்கு எல்லாம் தலைகீழாத் தெரியுது சார். சொந்தமா ஒரு காசு வச்சிருந்தாத்தானே காசுன்னா இன்னான்னு தெரியும்?"

சொல்லிவிட்டேன். என் வாயிலிருந்துதான் வந்தது.

அவர் மெழுகுவர்த்தியை அணைத்தார். அச்சுகளைத் தன் பெட்டியில் அடுக்கினார். சமையலறைப் பக்கம் பார்த்து, "வரேம்மா" என்றார். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. காப்பி அப்படியே இருந்தது.

"இன்னாத்துக்கு அப்படிப் பேசுனீங்க? அந்த மனுஷன் இன்னா உங்க சொத்தையா கேட்டாரு?" என்று சரளா பிடித்துக்கொண்டாள்.

சாதாக் காசைச் சாதா என்று சொல்வது தப்பா? சொன்ன விதம் வேறு. அது தப்புதான். அடுத்த சனிக்கிழமை வரட்டும், சரிப்படுத்திக்கொள்ளலாம்.

மார்ச் 18, சனி

வரவில்லை.

மார்ச் 25, சனி

வரவில்லை. அவருக்கு எத்தனை வேலையோ. சரளா கூடுதலாகப் போட்ட காப்பியை நானே குடித்தேன்.

ஏப்ரல் 22, சனி

இனி வரமாட்டார். பெரிய ஆள்! ஒரு வார்த்தை பொறுக்காதா? நானே போய்ப் பேசலாம். போனால் முதல் கேள்வி அந்தக் காசைப் பற்றித்தான் வரும். சாதாதான் என்று மறுபடியும் சொல்லவேண்டும். அதைவிடப் போகாமலிருப்பது மேல். அந்தப் பென்னியைச் சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறேன். பஸ்ஸில் போகும்போது எடுத்துப் பார்ப்பேன். ஒவ்வொரு தரமும் சாதாதான்.

சரளா கேட்கிறாள், எழுத்து ஏன் இவ்வளவு பெரிசாக எழுதுகிறேன் என்று. என் டைரி, என் மை.

ஜூன் 8, வியாழன்

சரளாவின் தம்பி முனிராஜ் அடுகோடியில் வீடு கட்டுகிறான். ஓசூர் ரோடு பக்கம் சின்ன லேத் பட்டறை வைத்து, எட்டு வருஷம் சீட்டுக் கட்டி வாங்கிய மனை. இன்று வாசக்கால் நிறுத்தினார்கள். அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன்.

வாசக்காலுக்கு அடியில் நவதானியத்தோடு பஞ்சலோகம் போடவேண்டும் என்று மேஸ்திரி கேட்டார். பொன்னுக்குச் சரளா தன் தாலிக்கயிற்றிலிருந்து ஒரு குண்டுமணி கழற்றிக் கொடுத்தாள். வெள்ளிக்கு முனிராஜ் குழந்தையின் கொலுசு மணி. இரும்பும் பித்தளையும் பட்டறையிலேயே கிடைத்தன. செம்புக்குத்தான் தேடினார்கள். முனிராஜ் ஒரு நயா பைசாவை நீட்டினான். மேஸ்திரி, "இதென்னப்பா சட்டைப் பொத்தானாட்டம் இருக்குது" என்றார்.

நான் பையில் கைவிட்டுப் பென்னியை எடுத்துக் கொடுத்தேன். யோசித்துச் செய்தேனா? செய்தேன். இது போனால் அந்தச் சண்டையும் போகும் என்று நினைத்தேன். நல்ல கனமான செம்பு, வேறெதற்கும் உதவாதது.

"மாமா, ராஜா தலையே காவலுக்கு இருக்குது நம்ம வீட்டுக்கு" என்று முனிராஜுக்கு ஒரே சந்தோஷம். பால் ஊற்றி, கலவை போட்டு, நாலு பேர் பிடித்து வாசக்காலை நிறுத்தினார்கள். மஞ்சள் குங்குமம் வைத்து மாவிலை கட்டினார்கள். லேசான மழை. எல்லாரும் நல்ல சகுனம் என்றார்கள்.

ஜூன் 9

மனம் லேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை.

ஜூலை 19, புதன்

பெரிய தப்பு நடந்துவிட்டது. நான் பிரதி எடுத்த வரைபடத்தில் ஓர் அளவில் மூன்று எட்டாகிவிட்டது. ஒர்க்ஷாப்பில் அதைப் பார்த்துத் துளை போட்டிருக்கிறார்கள். அந்த வார வார்ப்பு முழுக்கக் கழிவுக்குப் போயிற்று.

ஹெட் டிராஃப்ட்ஸ்மேன் கோவிந்தன் கூப்பிட்டனுப்பினார். சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மூலத்தையும் பிரதியையும் பக்கத்தில் வைத்து, "இதைப் படிங்க" என்றார். படித்தேன். "இப்ப இதை." படித்தேன். மூலத்திலும் எட்டு என்றே படித்தேன். அவர் இரண்டையும் சுருட்டி வைத்தார்.

"ஜெயராமன், கோபமில்லை. நாளைக்கு டாக்டர்கிட்ட போங்க."

ஜூலை 22, சனி

இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணில் அதிகம். நாற்பத்தொன்பது வயதில் இப்படிப் பார்ப்பது அபூர்வம் என்றார் மின்டோ ஆஸ்பத்திரி டாக்டர். நோயிலும் எனக்கு அபூர்வ வகைதான் கிடைக்கிறது.

இப்போது வெட்டி எடுக்க முடியாதாம். முற்ற வேண்டுமாம். அதுவரைக்கும்? "அதுவரைக்கும் வெயிட் பண்ணுங்க" என்றார். பலாப்பழத்துக்குச் சொல்வதுபோலச் சொல்கிறார்.

வெளியே வந்ததும் சரளா என் கையைப் பிடித்துக்கொண்டாள். ரோட்டில் அவள் என் கையைப் பிடித்தது இதுதான் முதல் தரம். நான் உதறவில்லை.

ஆகஸ்ட் 3

என்னை ஸ்டோர்சுக்கு மாற்றிவிட்டார்கள். சம்பளம் குறையாது. கோவிந்தன் நல்லவர். ஆணிப் பெட்டி, போல்ட் பெட்டி. கையால் தடவிப் பார்த்தே அளவு சொல்லலாம்.

செப்டம்பர் 14

பயமா இருக்குது. வேற எப்படி எழுதுறது? பயமா இருக்குது. காலையில ஷேவ் பண்ணும்போது மூஞ்சி தெரியல. கண்ணாடியில யாரோ நிக்கிறான். ஆபரேஷன் பண்ணாலும் வருமா, வராதா? எத்தினி பேருக்கு வராமப் போயிருக்கு. சரளாகிட்ட சொன்னா அவ அழுவா. யார்கிட்ட சொல்றது— சனிக்கிழமைன்னா ஒரு ஆளு வருவாரு. அவருகிட்ட சொல்லியிருப்பேன்.

செப்டம்பர் 15

நேற்று எழுதியதைக் கிழித்துவிடலாம் என்று பார்த்தேன். இருக்கட்டும்.

அக்டோபர் 21, சனி

ரஸ்ஸல் மார்க்கெட்டில் காய்கறி வாங்கிவிட்டுத் திரும்பினோம். பஸ் ஏறியபின் சரளா கேட்டாள், "ஏங்க, அவரு கும்புடு போட்டாரே, ஒரு தலையாவது ஆட்டக்கூடாதா?"

"யாரு?"

"ரங்கன் சாருதான். பூக்கடைகிட்ட நின்னுக்கினு இருந்தாரு. உங்களைப் பார்த்து ரெண்டு கையும் எடுத்துக் கும்புட்டாரு. நீங்க பாட்டுக்கு நேராப் பார்த்துக்கினே போயிட்டீங்க."

வரும் வழியில் நானும் பூக்கடையைப் பார்த்தேன்தான். சிவப்பும் மஞ்சளும் தெரிந்தன. மனிதர்கள் யாரும் தனியாகத் தெரியவில்லை. ஏழு மாதத்துக்குப் பிறகு அந்த மனிதர் நடு மார்க்கெட்டில் நின்று எனக்குக் கைகூப்பியிருக்கிறார். நான் கடந்து போயிருக்கிறேன். இனி அவர் என்ன நினைப்பார்?

அக்டோபர் 22, ஞாயிறு

போய்ச் சொல்லிவிடலாம். கண் தெரியவில்லை சார், அதனால்தான் பார்க்கவில்லை என்று. சொன்னால் அவர் சும்மா இருப்பாரா? எப்போதிலிருந்து தெரியவில்லை என்று கேட்பார். மார்ச்சில் தெரிந்ததா என்று கேட்பார்.

மார்ச்சில் தெரிந்தது. தெரிந்திருக்கவேண்டும். அந்த நினைப்பு வேண்டாம்.

1962 ஜனவரி 30

புரை முற்றிவிட்டதாம். ஆபரேஷன் பிப்ரவரி ஆறாம் தேதி, வலது கண்ணுக்கு. எட்டு கிரகம் ஒரே ராசியில் சேருகிறதாம், மூன்றாம் தேதியிலிருந்து உலகமே அழியப்போகிறது என்று ஊர் முழுக்கப் பேச்சு. கோவிலுக்குக் கோவில் ஹோமம். பக்கத்து வீட்டில் ரயிலே ஏறமாட்டேன் என்கிறார்கள். ஆஸ்பத்திரியில் படுக்கை கேட்டிருந்த பாதிப் பேர் வரவில்லை, அதனால்தான் எனக்கு உடனே இடம் கிடைத்தது. சரளாவுக்குப் பயம். "சும்னே இரு" என்றேன். உலகம் அழிந்தால் எனக்குப் பார்க்கக் கண் வேண்டாம், அழியாவிட்டால் வேண்டும். எப்படியும் நஷ்டமில்லை.

தைரியமாக எழுதியாகிவிட்டது. அந்த வரியை மூன்று தரம் அடித்து எழுதினேன்.

மார்ச் 2

உலகம் அழியவில்லை. தலையை அசைக்காமல் படுத்திருந்தேன், இரண்டு கண்ணிலும் கட்டு. அதைப் பற்றி எழுத விருப்பமில்லை. முனிராஜ் தினமும் பட்டறையை மூடிவிட்டு வந்து பேப்பர் படித்துக் காட்டினான், அவன் படிக்கிற வேகத்தில் எலெக்ஷன் ரிசல்ட்டே பழசாகிவிட்டது. நல்ல பையன். கண்ணாடி இன்னும் மூன்று வாரத்தில்.

மார்ச் 24, சனி

கண்ணாடி வந்துவிட்டது!

சோடா பாட்டில் அடி மாதிரி தடிமன். போட்டுக்கொண்டதும் சரளா முகம் சட்டென்று எதிரே வந்தது. அவளுக்கு இத்தனை நரையா! சொல்லவில்லை. எல்லாமே பெரிதாகத் தெரிகிறது. வாசல் வளைந்திருக்கிறது, படி இருக்கிற இடத்தில் இல்லை. தோசைகூடப் பெரிதாகத் தெரிந்தது, தின்றால் பழைய அளவுதான்.

மத்தியானம் காசுப் பெட்டியை எடுத்தேன். அழுகையே வந்துவிட்டது. ராஜாவின் தாடியில் ஒவ்வொரு மயிரும் தெரிகிறது. ஒவ்வொரு உறையாகப் பிரித்தேன்.

1912, H என்று நான் எழுதியிருக்கிற உறை. உள்ளே இருக்கிற காசில் H இல்லை. போன வருஷம் குஜ்ரியில் எடுத்தது. KN என்று எழுதிய இன்னொன்று, அதில் இருப்பது அழுக்கு. பழைய உறைகள் சரியாக இருக்கின்றன. கடைசி இரண்டு வருஷத்து உறைகளில் பாதி பொய். எழுதும்போது சந்தேகமே இருந்ததில்லை. இருக்கிறதென்று நினைத்ததை இருப்பதாகவே பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் அந்தப் பென்னி?

மார்ச் 29

தூக்கமில்லை. காசைப் பார்க்க வழியில்லை, அது கலவைக்குள் இருக்கிறது. அரக்கு அச்சு ஒன்று இருக்கிறது. அது அவரிடம் இருக்கிறது. உண்மை தெரியவேண்டுமானால் அவரிடம்தான் போகவேண்டும். அவர் சொன்னது சரி என்று ஆகிவிட்டால் காசும் போயிற்று, என் பேச்சும் போயிற்று. இதையெல்லாம் எழுதிக்கொண்டே இருக்கிறேன். எனக்கு வேண்டியது காசா, அவரா? காசை மறந்துவிட்டு யோசித்தாலும் மல்லேஸ்வரம் பஸ் ஏறத்தான் தோன்றுகிறது.

ஏப்ரல் 1, ஞாயிறு

போய்வந்தேன்.

அவர் மனைவி பாமா அம்மாள்தான் கதவைத் திறந்தார். என் கண்ணாடியைப் பார்த்துத் திகைத்துவிட்டு, "வாங்கோ, வாங்கோ. தனியாவா வந்தேள்?" என்றார். உள்ளே ரங்கன் சார் பஞ்சாங்கம் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து நின்றார். மெலிந்திருக்கிறார்.

உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். "மார்க்கெட்ல நீங்க கும்பிட்டதை நான் பார்க்கலை சார். கண்ணு தெரியலை."

"தெரியும்."

"யாரு சொன்னாங்க?"

"யார் சொல்லணும்? அன்னிக்கு உம்ம ஆத்துலயே தெரியும். காசைக் கையில வாங்கி லென்ஸை வச்சுண்டு பார்த்தீரே, அந்தப் பொம்மனாட்டி தலைகீழா இருந்தா ஓய். சூலம் கீழே, காலு மேலே. அப்படியே பிடிச்சுண்டு சாதா, சாதான்னீர்."

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

"ஏன் சார் சொல்லலை?"

"சொல்லத்தான் கிட்ட வந்தேன். எப்படிச் சொல்றதுன்னு உம்ம மூஞ்சியைப் பார்த்துண்டிருந்தேன். நீர் முந்திண்டுட்டீர்."

வெளியே ஐஸ்காரன் மணி அடித்துக்கொண்டு போனான்.

"அதுக்கப்புறமாவது..."

"அதுக்கப்புறம் நானும் மனுஷன்தானே. கோவம். மார்க்கெட்ல பார்த்தப்பதான் அது போச்சு. நீர் அந்தம்மா தோளைப் பிடிச்சுண்டு போறதைப் பார்த்தேன். அடுத்த வாரமே வரணும்னு நெனச்சேன். வந்தா, கண்ணு போனதைப் பார்க்க வந்தேன்னு நீர் நெனச்சுப்பீரோன்னு தோணித்து."

"நான் அன்னிக்குப் பேசுனது தப்பு சார்."

"ஆமாம்" என்றார். இல்லை, பரவாயில்லை என்றெல்லாம் சொல்லவில்லை. எனக்கு அதுவே ஆறுதலாக இருந்தது.

பெட்டியைக் கொண்டுவந்தார். நான் கேட்கவில்லை, அவராகவே கொண்டுவந்தார். சிவப்பு அரக்கில் குழியாகப் பதிந்த அச்சு. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசல் வெளிச்சத்தில் பார்த்தேன். இந்தத் தரம் நேராகப் பிடித்திருக்கிறேனா என்று அவரிடமே கேட்டுக்கொண்டேன். கடல் கோடு கால்கள் தாண்டும் இடத்தில் இருந்தது. சந்தேகத்துக்கு இடமே இல்லை. அத்தனை வருஷம் தேடியது. கையில் வந்தது. மூன்று மாதம் சட்டைப்பையில் இருந்தது.

"காசு பத்திரமா இருக்கோன்னோ?" என்றார்.

சொன்னேன். பஞ்சலோகம், வாசக்கால், மேஸ்திரி எல்லாம் சொன்னேன். அவர் வாயைத் திறந்தபடி கேட்டார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வந்து, பாமா அம்மாள் தண்ணீர் கொண்டுவருகிறவரைக்கும் சிரித்தார்.

"அரக்கு என்கிட்ட இருக்கு. காசு முனிராஜ்கிட்ட இருக்கு. உம்மகிட்டதான் ஓய் ஒண்ணும் இல்லே!"

நானும் சிரித்தேன். கண்ணாடிக்குள் தண்ணீர் நிரம்பிவிட்டது. வெட்கமாக இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்றார்கள். புளியோதரை.

ஏப்ரல் 3

சரளா எப்படியோ முனிராஜிடம் சொல்லிவிட்டாள். சாயங்காலம் உளியும் சுத்தியலுமாக வந்து நிற்கிறான். "மாமா, ஒரு பக்கம் கொத்தி எடுத்துட்டு பூசிடலாம். ஒண்ணும் பேஜார் இல்லை." அவன் பெண்டாட்டி நிறைமாதம். வாசக்காலைத் தொட அவனுக்கு மனசில்லை என்பது இந்தக் கண்ணுக்கே தெரிந்தது. ஆனாலும் எனக்காக வந்திருக்கிறான்.

ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம், ஆசை வந்தது. எழுதிவிடுகிறேன். பிறகு உளியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, போய்ச் சாப்பிடு என்றேன்.

ஏப்ரல் 14, சனி

இரண்டு மணியிலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வருகிறேன் என்று அவர் வாக்குக் கொடுத்திருக்கவில்லை. மூன்றானது. வரமாட்டார் என்று எழுந்தபோது கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். சரளா அவரைப் பார்த்துவிட்டு நேரே காப்பிக்குப் போனாள்.

வரும் வழியில் குஜ்ரிக் கடையில் ஒரு பென்னி வாங்கியிருக்கிறார். அவரே, தன் கைக்காசு கொடுத்து. 1919. வருஷத்துக்கு இடப்பக்கம் ஏதோ இருக்கிறது. "KN-ஆ, கீறலா? பாரும்" என்று என் முன்னால் வைத்தார்.

எடுத்தேன். நேராகப் பிடித்திருக்கிறேனா என்று முதலில் பார்த்தேன். பிறகு லென்ஸ். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. சொல்ல வாய் திறந்தேன், பழக்கம். மூடிக்கொண்டு காசை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"நீங்க இன்னா நினைக்கிறீங்க சார்? முதல்ல நீங்க சொல்லுங்க."

அவர் காசைப் பார்க்கவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆபரேஷன் கண்ணுக்குத்தானே பண்ணினா? இல்லே வாய்க்குமா?"

உள்ளே சரளா சிரித்தது இங்கே கேட்டது. அவர் லென்ஸை வாங்கிக்கொண்டு ஜன்னலருகே போனார். வெகுநேரம் பார்த்தார். நான் காத்திருந்தேன்.

"கீறல்தான்" என்றார் வருத்தமாக.

எனக்கும் கீறல்தான் என்று சொன்னேன்.